ஷில்லிங் மீட்டர் குழுவும் என் நன்றியுரையும்

1

இந்தத் தை மாதம் டென்மார்க்கின் அரசாங்கம் கவிழ்ந்தது. எங்களால் கவிழ்ந்தது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். தமிழ் அகதிகள் தங்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்களைத் தொடாமல் வைத்திருக்கும்படி முன்பிருந்த ஒரு நீதி அமைச்சர் சொல்லியிருக்கிறார். அது சட்டவிரோதம் என்று விசாரித்த நீதிபதி எழுதிவிட்டார். பிரதமர் பதவியை விட்டு இறங்கிவிட்டார். ஓர் அறிக்கைக்காகப் பிரதமர் வீட்டுக்குப் போகிற நாடும் உலகத்தில் உண்டு என்று அங்கே ஊரில் சொன்னால் சிரிப்பீர்கள். தொலைக்காட்சியில் என் கண்ணால் பார்த்திராவிட்டால் நானும் சிரித்திருப்பேன்.

மறுநாள் நான் வேலை செய்யும் ஓகூஸ் நகர ஆஸ்பத்திரிச் சமையலறையில் கேக் வைத்திருந்தார்கள். டெனிஷ்காரருக்குக் கேக் வெட்ட ஒரு காரணம் கிடைத்தால் போதும். சின்னக் கொடி குத்தி, "இது உன் வெற்றி" என்று முதல் துண்டை எனக்குத் தந்தார்கள். "உன் குடும்பம் வந்துவிட்டதுதானே?" என்று கேட்டாள் ஒருத்தி. "வந்துவிட்டது" என்றேன். பெரிய துண்டாக வெட்டியிருந்தார்கள். கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

என் மனைவி பிலோமினாவும் மகள் நிரோவும் மூன்று வருடங்களுக்கு முன் வந்துவிட்டார்கள். மூத்தவன் அன்ரன் வரவில்லை. அவன் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருக்கிறான். அவனுக்காகத் திரும்பவும் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் அரசாங்கம் விழுந்தது. "நீதிபதியே சொல்லிப்போட்டார். இனி எப்பிடி மறிப்பினம்?" என்று சொன்ன பிலோமினா, அவனுக்குக் கட்டிலை எந்த அறையில் போடுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள். நிரோ தன் அறையைத் தரமுடியாது என்று டெனிஷில் சண்டை பிடித்தாள். வராத ஒருவனுக்காக வீட்டில் இடம் பிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கிழமைதான் மோரீன் தொலைபேசியில் வந்தாள். மோரீன் என்பவள் 'ஷில்லிங் மீட்டர்' என்ற இங்கிலாந்துப் பங்க் இசைக்குழுவின் பாடகி. தலையில் பாதியை மழித்து மீதியில் பச்சைச் சாயம் பூசியிருப்பாள். தங்கள் பிரதமரையும், பொலிசையும், முதலாளிமாரையும் வாய்க்கு வந்தபடி ஏசிப் பாடுவதுதான் அவர்கள் தொழில். மன்னார்க் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்காக இருந்த எனக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தக் குழுவின் பேர்போன பாட்டில் முதலில் வருகிற குரல் என்னுடையது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும்.

2

இது ஐந்து வருடங்களுக்கு முந்தியது; நான் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, மனைவி பிள்ளைகளுக்கு விண்ணப்பித்து அரை வருடம் போயிருக்கும். அன்ரனுக்கு அப்போது பதினாறு வயது. ஓகூஸில் கொம்யூன் நடத்திய ஓர் இளைஞர் மண்டபத்தில் எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்திருந்தது. கொம்யூன் என்றால் எங்கள் நகரசபை போல; ஆனால் இங்கே பிறப்பிலிருந்து அடக்கம்வரை அதன் கையில்தான். மண்டபத்துச் சமையலறைக்குப் பொறுப்பாக இருந்தவள் கியர்ஸ்டன் என்ற நடுவயதுக்காரி. வெள்ளிக்கிழமைகளில் வெளிநாட்டு இசைக்குழுக்கள் வரும். அவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது எங்கள் வேலை.

ஷில்லிங் மீட்டர் வந்தது ஒரு பழைய பாண் வான் வண்டியில். கதவில் பேக்கரியின் பெயர் பாதி அழிந்து கிடந்தது. நான்கு பேர், ஒலி பார்க்கிறவனோடு ஐந்து. வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கியர்ஸ்டனிடம் அனுமதி கேட்டு, நான் ஆட்டிறைச்சிக் கறியும் முட்டைப் பொரியலும் செய்து வைத்திருந்தேன். அவர்கள் இறைச்சி தொடமாட்டார்கள். முட்டை தொடமாட்டார்கள். பால்கூடத் தொடமாட்டார்கள். வருடம் முழுவதும் தவக்காலம்! பருப்பும் சோறும் மட்டும்தான் இறங்கியது. பருப்புச் சட்டியை வழித்துத் துடைத்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆட்டிறைச்சியை நானும் கியர்ஸ்டனும் மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டோம்.

பெயரின் விளக்கத்தை மேளக்காரர் டெஸ் சொன்னார். நால்வரில் அவர்தான் வயதில் மூத்தவர், முன்பக்கம் வழுக்கை. அவர்கள் ஊரில் ஏழைகளின் வீட்டுக்குள் ஒரு மீட்டர் இருக்குமாம். அதில் காசு போட்டால்தான் மின்சாரம் வரும். காசு முடிந்தால் கறி பாதி அவிந்த நிலையிலேயே அடுப்பு நின்றுவிடும். நால்வரும் அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள். ஊரில் இருந்த நிலக்கரிச் சுரங்கத்தை அரசாங்கம் மூடியபோது வேலையில்லாதவர்களின் வரிசையில் நின்று சந்தித்து, அங்கேயே குழு தொடங்கினார்களாம். வெள்ளைக்காரருக்குள்ளும் மின்சாரம் இல்லாத வீடு இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

கியர்ஸ்டன் என்னைக் காட்டி ஏதோ சொல்லியிருக்கிறாள். மோரீன் சமையலறைக்குள் வந்து, பாத்திரம் துடைக்கிற துணியைத் தானும் எடுத்துக்கொண்டாள்.

"உன் குடும்பத்தை விடமாட்டேன் என்கிறார்களாமே?"

"விடமாட்டோம் என்று சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை."

"அது இன்னும் மோசம்" என்றாள். "இன்று நீ மேடைக்கு வந்து இதைச் சொல்லு."

வீட்டுக்கு வந்த விருந்தாளி கேட்கிறாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

3

எங்கள் பக்கத்தில் மேடை என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, கடைசியில் நன்றியுரை. நன்றியுரை சின்ன விஷயமில்லை. ஒரு பெயரை விட்டால் ஒரு பகை. ஒலிபெருக்கிக்காரரை மறந்ததற்காக அடுத்த வருடம் அவர் கோயில் பெருநாளுக்கு வராமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் சங்கக் கூட்டம், பள்ளிக்கூடப் பரிசளிப்பு, பங்குச் சுவாமியின் பிரியாவிடை எதுவானாலும் நன்றியுரையை என்னிடம்தான் தருவார்கள். நான் யாரையும் விடமாட்டேன். பந்தலுக்குக் கிடுகு ஓலை தந்தவர்வரைக்கும் சொல்வேன்.

எனக்குத் தெரிந்த ஒரே மேடைப் பேச்சு அதுதான். வேறு எதை நான் பேசுவேன்? அறைக்குப் போய், தேவாலயத்தில் இனாமாகத் தந்த கோட்டைப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தேன். மண்டபம் நிறையப் பிள்ளைகள். காதில் ஊசி, மூக்கில் ஊசி, முள்ளுத் தலை, கிழிந்த காற்சட்டை. மோரீன் என் தோளில் கையைப் போட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுபோய் விட்டாள்.

தலைவர் யார் என்று பார்த்தேன். அப்படி யாரும் அங்கே இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே வயதில் மூத்த டெஸ்ஸைப் பார்த்து, "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்று ஆங்கிலத்தில் தொடங்கி வணங்கினேன். டெஸ் மேளத்துக்குப் பின்னால் எழுந்து நின்று திருப்பி வணங்கினார். மண்டபம் அதிர்ந்தது. எனக்குத் தைரியம் வந்தது. எனக்கு அறை தந்த கொம்யூனுக்கு நன்றி சொன்னேன். என் பத்து விரலிலும் மை பூசிய பொலிஸ் அதிகாரிக்கு நன்றி சொன்னேன். குளிர்ச் சப்பாத்துக்கு நன்றி. மாட்சிமை தங்கிய மகாராணியாருக்கு நன்றி. பிறகு, எங்கள் முறைப்படி பெரியவரைக் கடைசியில் வைத்தேன்.

"எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் என் மனைவி பிள்ளைகளின் கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கின்ற மாண்புமிகு நீதி அமைச்சர் அவர்களுக்கு என் இதயம் கனிந்த நன்றி. அவர் குடும்பம் நீடூழி வாழ்க."

பியர்க் கோப்பைகள் மேலே பறந்தன. காலால் தரையை உதைத்தார்கள். சிலர் அழுதார்கள். இளைஞர்களிடம் அமைச்சருக்கு இவ்வளவு செல்வாக்கா என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

சமையலறையில் கியர்ஸ்டன் என்னைக் கட்டிப்பிடித்தாள். "நீ இவ்வளவு கூர்மையான ஆள் என்று எனக்குத் தெரியாது. அமைச்சரைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டாய்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கேலி, பகிடி செய்ததாக எடுத்திருக்கிறார்கள். நான் யாரையும் கிழிக்கவில்லை. ஒரு பெரிய மனிதருக்கு நன்றி சொன்னால் அவர் மனம் இளகும், கோப்பு நகரும் என்று நம்பி, மனதாரச் சொன்னேன்.

4

ஒலி பார்க்கிறவன் அதைக் கசெற்றில் பதிந்திருக்கிறான். பாண் வான் போய்ச் சில மாதங்களில் இங்கிலாந்திலிருந்து ஓர் இசைத்தட்டு வந்தது. பாட்டின் பெயர் 'வோட் ஒஃப் தாங்க்ஸ்', அதாவது நன்றியுரை. முதலில் என் குரல், நடுங்கி நடுங்கி. "நீடூழி வாழ்க" என்றதும் கிற்றார் அலறத் தொடங்கும். பிறகு மோரீன் எல்லா அரசாங்கத்துக்கும் எல்லாக் கதவுக்கும் நன்றி சொல்லிக் கத்துவாள். அதுவரை யாருக்கும் தெரியாத குழு அந்தப் பாட்டால் பெயர் எடுத்தது. லண்டன் வானொலியில் போட்டார்களாம். பிறகு இங்கேயும் போட்டார்கள். கியர்ஸ்டன் சமையலறை வானொலியைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

எனக்கு நித்திரை போய்விட்டது. அமைச்சர் வானொலி கேட்கமாட்டாரா? கேட்டால் யார் இவன் என்று தேடமாட்டாரா? என் பெயர்தான் கோப்பில் கொட்டை எழுத்தில் இருக்கிறதே! வெளிநாட்டவர் அலுவல்களைக் கவனிக்கிற கந்தோருக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். என் டெனிஷ் அப்போது நொண்டி. இந்த மொழியில் 'தயவுசெய்து' என்பதற்கு நேரான ஒரு சொல் கிடையாது. மனுக்கொடுத்துப் பழகிய என்னைப் போன்றவனுக்கு இதைவிடத் துன்பம் வேறில்லை. குனிந்து கேட்க நினைப்பேன், வாயில் வருவது கட்டளையாக இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் சொன்னேன்.

"வானொலியில் அமைச்சருக்கு நன்றி சொன்னது நான். உண்மையாகத்தான் சொன்னேன். எழுதிக்கொள்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். மூவரும் சிரித்தார்கள். வயதான ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோப்பைப் பற்றிக் கேட்டபோது மட்டும் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. "பரிசீலனையில் இருக்கிறது" என்றார்கள்.

அந்த வருடம் மன்னாரில் இந்தியப் படை இளம் பெடியளைச் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பிலோமினா தபாற்கந்தோரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"பெடியனை இனி வீட்டில வைச்சிருக்கேலாது. மேலைத்தெருவில இரண்டு பேரைக் கொண்டு போயிட்டாங்கள். உங்கட பேப்பர் என்ன மாதிரி?"

"பரிசீலனையில இருக்காம்."

"அப்பிடியெண்டா வருமோ, வராதோ?"

"வரும். கொஞ்சம் பொறு."

அவள் பொறுத்தாள். பேப்பர் வரவில்லை. பயம் கூடிக்கொண்டே போக, அவளுடைய தம்பியோடு அன்ரனைப் படகில் ஏற்றி இராமேஸ்வரத்துக்கு அனுப்பினாள். இந்தியப் படைக்குப் பயந்து இந்தியாவுக்கே ஓடின பிள்ளை அவன். மண்டபம் முகாமில் பெயர் பதிந்து ஓர் அறை கொடுத்தார்கள்.

அமைச்சர் மாறியபின் கோப்புகள் திறக்கப்பட்டன. மூன்று பேருக்கும் அனுமதி வந்தது. அனுமதி பெற்றவர் கொழும்பில் கடவுச்சீட்டோடு நேரில் நிற்கவேண்டும். அன்ரனிடம் முகாம் அட்டை மட்டும்தான் இருந்தது. அவனைத் திரும்பக் கடல் கடக்கவைக்க யாருக்குத் துணிவு வரும்? அவனுடைய அனுமதி தவணை முடிந்து செத்தது. மற்ற வழிகளில் அலைந்து முடிவதற்குள் அவனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. வளர்ந்த பிள்ளையைத் தகப்பனோடு சேர்க்கச் சட்டத்தில் இடமில்லையாம். கோப்பு கிடந்த காலத்தில் பிள்ளை வளர்ந்தான், அதுதான் அவன் செய்த பிழை.

பின்னாளில் விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது. என் கசெற்றைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. பேசினவன், பேசாதவன் எல்லோருடைய கோப்பும் ஒன்றாகத்தான் கிடந்திருக்கிறது. என் நன்றியால் நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை. இதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது.

5

பிலோமினாவும் நிரோவும் வந்து இறங்கிய வருடத்தில் ஷில்லிங் மீட்டர் இரண்டாம் முறை ஓகூஸுக்கு வந்தது. இந்தமுறை பாண் வான் இல்லை. படுக்கை வைத்த பெரிய பஸ். பெரிய இசைத்தட்டுக் கொம்பனி ஒன்று அவர்களை எடுத்திருந்தது. இளைஞர் மண்டபம் போதாது என்று விளையாட்டு மண்டபத்தில் வைத்தார்கள். வாசலில் பழைய முள்ளுத்தலைப் பிள்ளைகள் நின்று, "விலைபோனவர்கள்" என்று எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு போகிறவர் வருகிறவரை ஏசினார்கள். ஒருவன் மோரீனின் சப்பாத்தில் துப்பினான். அவள் அதைத் துடைக்காமல் மேடைக்குப் போனாள்.

நான் பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒலிபெருக்கியில் என் பழைய குரல் வந்ததும் அத்தனை ஆயிரம் பேரும் என் உச்சரிப்பிலேயே சேர்ந்து கத்தினார்கள். பிலோமினா காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனப்பா உங்களைப் பழிச்சுக்காட்டுகினம்?"

"பழிப்பில்லை. ஆதரவு."

"இதுவோ ஆதரவு?" என்றாள். "பிள்ளை அங்க முகாம் வரிசையில நிக்கிறான். இவையள் இஞ்ச துள்ளுகினம்."

பாட்டு முடியுமுன் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அதன்பிறகு அவள் அந்தக் குழுவின் பெயரை வீட்டில் எடுக்கவிடவில்லை.

நிரோ வந்தபோது பத்து வயது. ஒரே வருடத்தில் டெனிஷ் பிடித்துக்கொண்டாள். இப்போது பதின்மூன்று. நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் வரும். பள்ளிக்கூடத்துப் பொழுதுபோக்கு அறையில் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் போட்டு, என் குரலைப் போலப் பேசிக்காட்டிச் சிரிப்பார்களாம். ஒரு சினேகிதி வீட்டுக்கு வந்தபோது நான் கதவைத் திறந்து வணக்கம் சொன்னேன். அந்தப் பிள்ளையின் கண் விரிந்தது. நிரோ அவளை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"பாட்டில வாறது உன்ர அப்பாவோ எண்டு கேட்டவளோ?" என்று பிறகு கேட்டேன்.

"இல்லையெண்டு சொன்னன்" என்றாள். அதை மட்டும் தமிழில் சொன்னாள். பிறகு "பின்லிட்" என்றாள். வெட்கக்கேடு என்று அர்த்தம்.

குழுவும் நன்றாகப் போகவில்லை. அடுத்த இசைத்தட்டு விற்கவில்லை. கொம்பனி கைவிட்டது. டெஸ் சண்டை பிடித்துக்கொண்டு விலகிப்போய் லொறி ஓட்டுகிறார் என்று மோரீன் நத்தார் வாழ்த்து அட்டையில் எழுதியிருந்தாள். அவர்கள் ஏசிப் பாடிய இங்கிலாந்துப் பிரதமரும் பதவியை விட்டு இறங்கிவிட்டார். சுரங்கம் மூடியபடியேதான் கிடக்கிறது.

6

இப்போது கதை இந்த வருடத்துக்கு வந்துவிட்டது. தொலைபேசியில் மோரீனுக்கு ஒரே மகிழ்ச்சி. "நாங்கள் வென்றுவிட்டோம்! எங்கள் வாழ்க்கையில் நாங்கள் பாடி விழுந்த ஒரே அரசாங்கம் அதுதான். இது கடைசிக் கச்சேரிப் பயணம். ஓகூஸில் பழைய மண்டபத்திலேயே முடிக்கிறோம். நீ வந்து திரும்பவும் நன்றி சொல்லவேண்டும்." யார் பாடி எது விழுந்தது என்று அவளோடு வாதாட மனம் வரவில்லை. அன்ரனின் பதில் நல்லதாக வந்தால் உண்மையாகவே ஒரு நன்றி சொல்லலாம் என்றும் ஓர் ஆசை இருந்தது. வருகிறேன் என்றேன்.

பதில் கச்சேரிக்கு முந்திய நாள் வந்தது. விசாரணை அறிக்கை, கோப்புகள் கையாளப்பட்ட விதத்தைப் பற்றியது. மகன் வளர்ந்தவன். சட்டம் மாறவில்லை. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. நிரோதான் வாசித்து, எங்களுக்குத் தமிழில் சொன்னாள். சொற்கள் வராமல் தட்டுத்தடுமாறினாள். பிலோமினா போய் அரிசி களைந்தாள். "என்ர அறையை அண்ணாவுக்குக் குடுக்கிறன் எண்டு எழுதினா விடுவினமோ?" என்று நிரோ கேட்டாள். நான் அவளைப் பிடித்து அணைத்துக்கொண்டேன்.

ஆனாலும் கச்சேரிக்குப் போனேன். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். மண்டபத்தில் பாதி வெறுமை. வந்தவர்களில் பலருக்கு இப்போது பிள்ளைகள், சிலருக்குத் தொந்தி. மேளத்தில் யாரோ ஒரு சின்னப் பையன். மோரீன் என்னை மேடைக்குக் கூப்பிட்டாள். "இந்த மனிதன் ஓர் அரசாங்கத்தை வீழ்த்தியவன்!" என்றாள். கத்தினார்கள். "தாங்க் யூ! தாங்க் யூ!" என்று என் உச்சரிப்பில் தாளம் போட்டார்கள்.

ஒலிவாங்கியைப் பிடித்தேன். இந்தமுறை யாரையும் விளிக்கவில்லை. "என் மகன் இன்னும் வரவில்லை" என்றேன். "நேற்று மறுபடியும் மறுத்துவிட்டார்கள். இனி அவன் வரமாட்டான்."

கோப்பைகள் பறந்தன. விசிலடித்தார்கள். காலால் உதைத்தார்கள். இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்று கையை ஆட்டினார்கள். அந்த மேடையில் நின்று நான் என்ன சொன்னாலும் அவர்களுக்கு அது கொண்டாட்டம்தான். மோரீன் மட்டும் சிரிக்கவில்லை. கிற்றார்க்காரனுக்குக் கைகாட்டி நிறுத்தப் பார்த்தாள். அவன் கவனிக்காமல் பாட்டைத் தொடங்கிவிட்டான். நான் இறங்கிச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

பிறகு மோரீன் அங்கே வந்தாள். பச்சைச் சாயம் வியர்வையில் கன்னத்தில் இறங்கியிருந்தது.

"அவன் எப்போதோ வந்துவிட்டான் என்று நினைத்தேன். நீ ஏன் சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லை."

பாத்திரம் துடைக்கிற துணியால் கன்னத்தைத் துடைத்தாள். "முதல் தடவை நீ பேசினாயே. அது பகிடிதானே?"

இதைச் சொல்லத்தான் ஐந்து வருடமாகக் காத்திருந்தேன் போலும். "இல்லை. நான் மனதாரத்தான் சொன்னேன். அமைச்சர் நல்லவர் என்று நம்பினேன்."

அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "அதை வைத்துத்தான் ஊரூராகப் பாடினேன்" என்றாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்களுக்காகச் சத்தம் போட வேறு யார் இருந்தார்கள்? ஆனால் அவளால் சத்தம்தான் போடமுடியும், எனக்கு வேண்டியது ஒரு முத்திரை. தான் ஏதாவது செய்யவேண்டுமா என்று கேட்டாள். நாளையோடு குழுவே இல்லை, அவள் எதைச் செய்வாள்? பருப்புக் கறி வைத்திருந்தேன். சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டாள்.

7

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மண்டபம் முகாமில் உள்ள அன்ரனுக்குத் தொலைபேசி எடுப்பது எங்கள் வழக்கம். முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு, வெளியே உள்ள ஒரு தொலைபேசிக் கடையில் வந்து அவன் நிற்பான். கச்சேரிக்கு மறுநாள் அந்த ஞாயிறு. பிலோமினா எனக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். முதலில் நான் சொல்லிவிட்டுத் தன்னிடம் தரவேண்டும் என்பது ஏற்பாடு.

எடுத்தவுடன் அவன்தான் பேசினான். குரலில் இப்படி ஒரு துள்ளலைக் கேட்டுப் பல காலம்.

"அப்பா, இஞ்ச பேப்பரில போட்டிருக்கிறாங்கள். உங்கட அரசாங்கம் விழுந்திட்டுதாம். எங்கட ஆக்களாலயாம். காம்பில எல்லாரும் எனக்குக் கை தந்தவங்கள். அடுத்தது நீதான் எண்டு சொல்லுறாங்கள்."

"ஓம், விழுந்தது."

"அப்ப என்னை எடுப்பினமோ?"

நான் சுற்றி வளைக்கப் பார்த்தேன். சட்டம் என்றேன், வயது என்றேன், தவணை என்றேன். 

"அப்பா, ஓமோ இல்லையோ?"

"இல்லை, தம்பி. வெள்ளிக்கிழமை மறுமொழி வந்தது. ஏலாதாம்."

அவன் கடையில் யாரோ சத்தமாகச் சிரித்துப் பேசுவது கேட்டது. அன்ரனின் மூச்சும் கேட்டது. அழுகிறானோ என்று காதை அழுத்திப் பிடித்தேன். அழவில்லை. அவன் பேசியபோது குரல் மாறியிருந்தது. கந்தோரில் ஒரு பெரியவருக்கு முன்னால் நிற்கிறவனின் மரியாதை அதில் இருந்தது.

"சரி அப்பா. இவ்வளவு காலமும் எனக்காக அலைஞ்சதுக்கு மிக்க நன்றி."

பெற்ற பிள்ளை இதை என்னிடம் சொல்கிறான்.  டேய், நான் உன் அப்பனடா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"என்னவாம்?" என்றாள் பிலோமினா. நான் கையை விரித்தேன். அவள் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கித் தன் காதில் வைத்து, "தம்பி, அம்மா கதைக்கிறன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, திரும்பவும் "தம்பி" என்றாள். அவன் வைத்துவிட்டிருந்தான்.